பாய் இழைக்கப் பன் என்று வெட்டியது பாதி முறிகிறது: வில்லில் நிற்கும் மூன்றையும் எப்படிப் பிரித்தறிவது?

படுவான்கரை மகள்:
எல்லாருக்கும் வணக்கம். கொக்கட்டிச்சோலைக்கு அங்கால் எங்கள் வட்டைக்கு, வயல்வெளிக்கு, பின்னால் ஒரு சின்ன வில்லு, தண்ணீர் தேங்கும் பள்ளம், இருக்கிறது. மாரியில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும், ஆவணி பிறந்தால் சேறு வெடித்துக் கிடக்கும். அம்மம்மா அங்கே வெட்டித்தான் பாய் இழைப்பார். அவர் போய் ஆறு வருடமாகிறது. பாய்க்கோல் இன்னும் பரணில் கிடக்கிறது, எடுத்து இழைப்போம் என்று இந்த மாசியில் நானும் சின்னம்மாவும் இறங்கி இரண்டு கட்டு வெட்டி வந்தோம். முற்றத்தில் நாலு நாள் காய்ந்தது. ஒரு கட்டு நாங்கள் வளைத்த பக்கமெல்லாம் வளைகிறது. மற்றக் கட்டு அரை அடிக்கு ஒருதரம் முறிகிறது, தண்ணீர் தெளித்து வைத்தாலும் அப்படித்தான்.

ஒரே வில்லு, ஒரே நாள், ஒரே கத்தி. வெட்டும்போது இரண்டும் ஒன்று என்றுதான் நினைத்தோம். திரும்பிப் போய்ப் பார்த்தால் அங்கே மூன்று விதம் நிற்கிறாற்போல் தெரிகிறது. எல்லாமே இலையில்லாத பச்சைத் தண்டு. சிலது முழங்கால், சிலது நெஞ்சளவு. அம்மம்மா எல்லாவற்றையும் "பன்" என்றுதான் சொல்வார், ஆனால் கை மட்டும் சரியானதைத்தான் வெட்டும். அந்தக் கை எதைப் பார்த்தது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வட்டை விதானை:
தங்கச்சி, இது பெரிய விசயமில்லை. தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். மூலை தட்டுப்பட்டால் கோரை. வழுக்கிக்கொண்டு உருண்டால் பன். சம்மாந்துறையில் சின்னப் பிள்ளையும் இப்படித்தான் பார்க்கும். நீங்கள் கோரையையும் பன்னையும் கலந்து வெட்டியிருக்கிறீர்கள்.

உலர்தாவரம்:
விதானை அண்ணன் சொன்ன உருட்டிப் பார்க்கும் பழக்கம் நல்லது, அதை விட வேண்டாம். ஆனால் அதோடு நிறுத்தினால் இந்த வில்லில் பிழைத்துப் போகும். நான் பாடசாலையில் உயிரியல் படிப்பிக்கிறேன், இருபது வருடமாக இந்தக் குடும்பத்துச் செடிகளை வெட்டிக் காயவைத்துச் சேர்க்கிறேன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கம் பன் என்று வெட்டும் உருண்டைத் தண்டும் கோரைக் குடும்பம்தான், சைப்பிரேசியே. அந்தக் குடும்பத்தில் உருண்டையும் உண்டு, முக்கோணமும் உண்டு. இதற்குப் பக்கத்து வீடு மாதிரி யுங்கேசியே என்று ஒரு குடும்பம் இருக்கிறது, தண்டைப் பார்த்தால் அதே சாயல். அதன் பூவைச் சுற்றி ஆறு சின்னச் செதில் இருக்கும், காய் வெடித்தால் தூள் போலப் பல விதை கொட்டும். கோரைக் குடும்பத்தில் ஒரு பூவுக்கு ஒரே ஒரு கொட்டைதான். அந்தக் குடும்பத்து யுங்கஸ் நம் நாட்டில் நுவரெலியாப் பக்கத்து ஈரத் தரைகளின் செடி, ஆகவே கொக்கட்டிச்சோலை வில்லில் அதைத் தேடி மினக்கெட வேண்டாம்.

உங்கள் வில்லில் நான் பார்க்கச் சொல்வது ஒன்றேயொன்று: பூ எங்கே உட்கார்ந்திருக்கிறது?

தண்டின் உச்சியில், தண்டின் தடிப்பிலேயே, தீக்குச்சி மருந்து கொஞ்சம் நீண்டு போனாற்போல் ஒரே ஒரு கதிர் இருந்தால் அது எலியோக்காரிஸ். உருண்டைத் தண்டுள்ள உயரமானது எலியோக்காரிஸ் டல்சிஸ்.

தண்டின் பக்கவாட்டில், பாதி உயரத்திலோ அதற்கும் கீழேயோ, மண்ணிறக் கதிர்கள் குஞ்சம் கட்டினாற்போல் ஒட்டிக்கொண்டு நின்றால் அது ஸ்கீனோபிளெக்டியெல்லா ஆர்டிகுலாட்டா. உண்மையில் தண்டு அந்தக் குஞ்சத்தோடு முடிந்துவிட்டது. அதற்கு மேலே நீண்டு போவது தண்டு மாதிரியே உருண்டு திரண்ட ஒரு பூவடி இலை. பார்க்கிற கண்ணுக்கு நடுத்தண்டில் பூத்தது போல் இருக்கும்.

உச்சியில் குடைக்கம்பி விரிந்தாற்போல் கிளை விட்டு, அடியில் இரண்டு மூன்று சின்ன இலை நீட்டிக்கொண்டு நின்றால் அது சைப்பிரஸ் வகை. பாய்க்கு ஆகும் கோரை அதில் சைப்பிரஸ் பங்கோரை. 1773ல் ரொட்பொல் என்ற டென்மார்க்குக்காரர் வைத்த பெயர். வாசிக்கும்போதே நம் காதுக்குக் கோரை என்று கேட்கும்.

கத்தி எடுத்துப் போய் ஒவ்வொன்றிலும் ஒன்றை நெடுக்காகக் கீறிப் பார்த்துச் சொல்லுங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று.

படுவான்கரை மகள்:
நன்றி சேர். இன்று பின்னேரம் போனேன். மூலையுள்ளது உள்ளே வெள்ளைச் சோறு அடைத்து இறுக்கமாக இருக்கிறது. உருண்டையானவை இரண்டும் உள்ளே வெறுமை. மூங்கில் கணு மாதிரி குறுக்கே மெல்லிய தட்டி, அதற்கு மறுகா இன்னொரு தட்டி, இப்படிப் போகிறது. இரண்டிலும் தட்டி இருப்பதால் எனக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. பூவும் நான் வெட்டிய பக்கத்தில் இல்லை.

தோணாக்கரை:
இரண்டும் ஒன்றுதான் பிள்ளை. ஆழத்தில் நிற்பது நெடுக்கும், கரையில் நிற்பது கட்டையாகிவிடும். நெல்லும் அப்படித்தானே. முறிவது முற்றிப்போனது, முறியாதது இளசு. நான் காரைதீவுத் தோணாவில், கடலுக்குத் தண்ணீர் வடியும் ஓடையில், சின்ன வயதிலிருந்தே வலை கட்டுகிறேன், இதுகளுக்குள்தான் என் காலமெல்லாம் போனது.

அக்கரை றாத்தா:
அஸ்ஸலாமு அலைக்கும். தோணாக்கரை நானா கோபிக்க வேண்டாம், அது ஒன்றல்ல. எங்கள் மூத்தம்மா, உம்மா, நான், இப்போது என் மகள், நாலு தலைமுறையாக அக்கரைப்பற்றில் பன் இழைக்கிறோம். பெயரை நான் விஞ்ஞானமாகச் சொல்ல மாட்டேன், கை கண்டதைச் சொல்கிறேன்.

முதலாவது, பிடுங்கிப் பார்க்க வேண்டும். ஒன்று பிடுங்கினால் கொத்தாக வரும், ஒரே அடியிலிருந்து பத்துப் பதினைந்து தண்டு, வேர் குஞ்சம் போல. மற்றது தனித்தனித் தண்டாக வரும், அதன் அடியிலிருந்து வெள்ளைக் கயிறு போல ஒன்று சேற்றுக்குள் ஓடும். அந்தக் கயிற்றைத் தடவிக்கொண்டே போனால் கோடை தொடங்கும் காலத்தில் நுனியில் கறுப்புக் குண்டு ஒன்று இருக்கும், கோலிக்காயை விடச் சிறிது. நாங்கள் சின்ன வயதில் கழுவிக் கடித்துத் தின்போம், இனிக்கும்.

இரண்டாவது, பாத்தி. கயிறு ஓடுவது வில்லின் ஒரு பக்கத்தை முழுதாக மூடிக்கொள்ளும், நாற்றுமேடை போல. கொத்தாக வருவது இங்கொன்று அங்கொன்றாக நிற்கும், தண்ணீர் வற்றுகிற கரையோரம்.

மூன்றாவது, நுனி. பூ இல்லாவிட்டாலும் நுனியை உள்ளங்கையில் குத்திப் பாருங்கள். கொத்துப் பன்னின் நுனி ஊசி போல் குத்தும். கயிற்றுப் பன்னின் நுனி அப்படிக் குத்தாது.

முறிந்தது கொத்துப் பன்தான் என்று நான் சத்தியம் பண்ணுவேன். அது மெத்து, காற்று நிறைந்தது, காய்ந்தால் தட்டியோடு ஒடியும். எங்கள் வீட்டில் அதைத் தொடவே மாட்டார்கள். கயிற்றுப் பன்னையும் அப்படியே இழைக்கக் கூடாது. காய்ந்த பிறகு பலகையில் போட்டு உருளைக் கட்டையால் நசித்து, தட்டிகள் பட்பட்டென்று உடைந்து தண்டு சப்பையான பிறகுதான் கோலில் ஏற்றுவோம். நசிக்கும்போது அந்தச் சத்தம் நிற்கும் வரை நசிக்க வேண்டும். சத்தம் வந்தால் உள்ளே இன்னும் தட்டி இருக்கிறது.

உலர்தாவரம்:
றாத்தா, நான் இருபது வருடம் பூவைத் தேடிக்கொண்டு நின்றேன், நீங்கள் பூ இல்லாமலே முடித்துவிட்டீர்கள். கொத்தும் கயிறும், இதுதான் மிகச் சரியான பிரிப்பு. டல்சிஸ் மண்ணுக்குள் ஓடுதண்டு விட்டுப் பரவுவது, ஆர்டிகுலாட்டா கொத்தாக வளர்வது. நீங்கள் தின்ற கறுப்புக் குண்டு டல்சிஸின் கிழங்கு. சீனச் சமையலுக்குத் தகரத்தில் அடைத்து விற்கிற வாட்டர் செஸ்நட் இருக்கிறதே, அது இதே இனத்தில் பெரிய கிழங்குக்காகப் பயிர் செய்து எடுத்தது. இந்தோனேசியாவில் களிமந்தான் பக்கம் இதைப் புருன் திக்குஸ் என்பார்கள், திக்குஸ் என்றால் எலி. அங்கேயும் நசித்துத் தட்டையாக்கித்தான் பாய் நெய்கிறார்கள்.

தோணாக்கரை அண்ணனுக்கு: ஆழத்துக்குத் தக்கபடி உயரம் மாறும் என்பது முழு உண்மை. அதனால்தான் உயரத்தை வைத்து இனம் பிரிக்கக் கூடாது என்கிறேன். நிறமும் அப்படியே, வெயிலில் நின்றால் மஞ்சளாகும், நிழலில் கரும்பச்சையாகும். ஆனால் பூ உட்காரும் இடம் ஆழத்துக்காக மாறாது. கட்டையாக நின்றாலும் டல்சிஸ் உச்சியில்தான் பூக்கும்.

தோணாக்கரை:
சரி சேர். பூவோடு கண்டால் நானே படம் போடுகிறேன்.

படுவான்கரை மகள்:
றாத்தா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். முறிந்த கட்டின் நுனிகளை உள்ளங்கையில் குத்தினேன், குத்துகிறது! சின்னம்மா கையிலும் குத்திப் பார்த்தேன், அவரும் ஓம் என்றார். நல்ல கட்டில் இரண்டு தண்டின் உச்சியில் காய்ந்த கதிரே இருந்தது, அதைத் தண்டின் முனை என்று நினைத்துக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். தண்டை விடத் தடிப்பாக இல்லாததால் கண்ணில் படவில்லை.

இன்று விடிய வில்லுக்கு மற்றப் பக்கமாகப் போனேன். மாடு இறங்கும் துறைக்குப் பக்கத்தில், கணுக்கால் தண்ணீரில், நீங்கள் சொன்ன குஞ்சம் அப்படியே இருக்கிறது. தண்டில் ஒரு சாண் உயரத்தில் பத்துப் பன்னிரண்டு கதிர் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு, ஒவ்வொன்றும் சின்னவிரல் நகத்தை விடக் கொஞ்சம் நீளம், ஈரமான பனங்கட்டி நிறம். அதற்கு மேலே இரண்டு சாண் நீளத்துக்குப் பச்சைத் தண்டு வெறுமையாகப் போகிறது. கையால் தடவினால் உள்ளே தட்டி இருக்கும் இடமெல்லாம் லேசாக மேடு தட்டுகிறது. எத்தனை தரம் இதன் பக்கத்தால் நடந்திருப்பேன்.

இன்னொரு சந்தேகம். மூலையுள்ள தண்டிலும் இரண்டு விதம் தெரிகிறது. ஒன்றில் குடைக்கம்பி மாதிரிப் பூ. மற்றதில் மூலை கத்தி மாதிரிக் கூர்மை, ஆனால் உச்சியில் ஒரே ஒரு கதிர்தான். இது கோரையா, பன்னா?

உலர்தாவரம்:
அருமை. இதுதான் விதானை அண்ணனின் உருட்டல் ஏமாற்றும் இடம். கூரான மூன்று மூலை, உச்சியில் ஒற்றைக் கதிர், இலை இல்லை என்றால் அது எலியோக்காரிஸ் அக்கியூட்டாங்குலா. டல்சிஸின் கூடப்பிறந்தது, ஆனால் தண்டு முக்கோணம். ஆக உங்கள் வில்லில் நாலு இனம்.

கதிரை இன்னும் கிட்டப் பாருங்கள், ஒரு பூதக்கண்ணாடி போதும், பத்து மடங்கு. சைப்பிரஸ் கதிரில் செதில்கள் இரண்டு வரிசையாக, இரட்டைச் சடை பின்னினாற்போல், இடம் வலம் இடம் வலம் என்று ஏறும். அதனால் கதிர் தட்டையாக இருக்கும். எலியோக்காரிஸிலும், றாத்தாவின் கொத்துப் பன்னான அந்தக் குஞ்சப் பன்னிலும் செதில்கள் சுற்றிச் சுற்றி ஏறும், அன்னாசிப் பழத்தின் கண் மாதிரி. அதனால் கதிர் உருண்டை. தண்டு உருண்டையா முக்கோணமா என்று பார்ப்பதை விடக் கதிர் தட்டையா உருண்டையா என்று பார்ப்பது பத்து மடங்கு நம்பிக்கையானது.

முற்றிய கொட்டை கிடைத்தால் இன்னும் நல்லது. எலியோக்காரிஸ் கொட்டையின் தலையில் ஒரு சின்னத் தொப்பி இருக்கும், பூவின் சூல்தண்டு அடி அப்படியே காய்ந்து ஒட்டிக்கொண்டது. குஞ்சப் பன்னில் அந்தத் தொப்பி இல்லை.

வட்டை விதானை:
சேர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். என் வரம்பிலேயே அந்த மூலையுள்ள ஒற்றைக் கதிர் நிற்கிறது, இத்தனை நாளும் கோரை என்றே பிடுங்கி எறிந்தேன். வந்ததற்கு வயலுக்குள் வரும் கோரையையும் கேட்டுவிடுகிறேன். மூன்று வகை வருகிறது, களைநாசினிக் கடையில் எல்லாவற்றுக்கும் ஒரே போத்தலைத்தான் நீட்டுகிறார்கள்.

உலர்தாவரம்:
சுருக்கமாகச் சொல்கிறேன், தனி இழை போட்டால் நீளமாகக் கதைக்கலாம். பூ உருண்டைப் பந்தாகத் திரண்டிருந்தால் சைப்பிரஸ் டிஃபோர்மிஸ். மஞ்சள் கலந்த கதிர்கள் நீண்ட காம்புகளில் விரிந்து நின்றால் சைப்பிரஸ் இரியா. அடியில் இலைகள் விசிறி மடித்தாற்போல் தட்டையாக அடுக்கி, மேலே கடுகளவு உருண்டைக் கதிர்கள் சிதறியிருந்தால் ஃபிம்பிரிஸ்டிலிஸ். இம்மூன்றும் விதையால் வருவன, பூக்குமுன் பிடுங்கினால் அடுத்த போகத்துக்குக் குறையும். வரம்பில் வரும் கோரைக்கிழங்கு மட்டும் வேறு கதை. அதன் கிழங்குகள் மண்ணுக்குள் கோத்த மணி போல் ஓடும், மேலே பிடுங்கினால் கீழே ஒன்று மிஞ்சும், அது மறுபடி முளைக்கும்.

தோணாக்கரை:
சொன்னபடி படம் போட்டிருக்கிறேன். உச்சியில் கதிர் உள்ளது ஒன்று, நடுவில் குஞ்சம் உள்ளது ஒன்று. இரண்டும் நான் வலை கட்டுகிற இடத்தில் பத்தடிக்குள் நின்றது. நான் பிழை, றாத்தா சரி.

ஆனால் ஒரு மனவருத்தத்தைச் சொல்லாமல் போக முடியாது. இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் தோணாவின் மேல்பாதியை மெசின் போட்டுத் தோண்டினார்கள். வெள்ளம் ஓட வேண்டும், அதை நான் மறுக்கவில்லை, மாரியில் எங்கள் வீட்டுக்குள்ளேதான் தண்ணீர் வரும். ஆனால் இரண்டு கரையும் வழித்துத் துடைத்தார்கள். பன் பாத்தி இருந்த இடம், நீலத் தாழைக்கோழி குஞ்சு பொரிக்கிற இடம், இறால் குஞ்சு ஒதுங்குகிற இடம், எல்லாம் ஒரே நாளில் மண்மேடு. நடுவாய்க்காலை மட்டும் எடுத்து ஒரு கரையை விட்டிருந்தால் தண்ணீரும் ஓடியிருக்கும், பாத்தியும் மிஞ்சியிருக்கும். இப்போது அங்கே சம்பு மட்டும் ஏறி நிற்கிறது.

அக்கரை றாத்தா:
நானா சொல்வது எங்களுக்கும் நடந்தது. முன்பு வீட்டுக்குப் பின்னால் வெட்டிய பன்னுக்கு இப்போது முச்சக்கரவண்டி பிடித்துப் போகிறோம். வண்டிக்கூலியைச் சேர்த்தால் பாய் விலை பிளாஸ்டிக் பாயோடு நிற்காது. சம்பு வந்த இடத்தில் கயிற்றுப் பன் திரும்பி ஏறுவது கடினம், அது நிழல் கட்டிவிடும். எங்கள் பக்கத்தில் சம்பையும் பன் என்று சொல்லி விற்கிற ஆட்கள் உண்டு. சம்பு இலை நாடா மாதிரித் தட்டை, உள்ளே அறையறையாகக் காற்று. அதற்குத் தண்டே வேறு, உச்சியில் மண்ணிறத் தடித் திரி. அந்தத் திரிக்கும் அதற்கு மேலே நிற்கும் ஆண் கதிருக்கும் நடுவில் கொஞ்சம் வெறும் காம்பு தெரியும்.

வாவிப்பிள்ளை:
நீளமாகப் போகிறது, இடையில் ஒன்று கேட்கிறேன். கல்லாற்றுப் பக்கம், வாவிக்கரை மணலில், சாண் உயரத்தில் கொத்துக் கொத்தாக ஊசி போல் நிற்கிறது, உச்சியில் உருண்டைக் குமிழ். இதுவும் அந்தக் குஞ்சப் பன்னின் குட்டியா?

உலர்தாவரம்:
உச்சியில் ஒற்றைக் குமிழ் என்கிறீர்கள், அப்படியானால் குஞ்சப் பன் இல்லை. எலியோக்காரிஸ் ஜெனிகுலாட்டாவாக இருக்கும். குமிழை உள்ளங்கையில் வைத்துக் கசக்குங்கள். கறுத்து மினுங்கும் கொட்டைகள், கடுகை விடச் சிறிது, கொட்டினால் அதுவேதான். உப்பேறிய மணலையும் தாங்கும்.

இதுவரை வந்ததில் எனக்கு மிகவும் பயன்பட்டது கொத்துப் பன், கயிற்றுப் பன் என்ற இரண்டு பெயர்கள். என் நோட்டில் அப்படியே எழுதிவிட்டேன். விஞ்ஞானப் பெயரும் மாறாத கல்வெட்டு ஒன்றும் இல்லை. குஞ்சப் பன்னை 1753ல் லின்னேயஸ் சிர்ப்பஸ் ஆர்டிகுலாட்டஸ் என்றார், பிறகு ஸ்கீனோபிளெக்டஸ் என்றார்கள், 2003க்குப் பிறகு ஸ்கீனோபிளெக்டியெல்லா. றாத்தா வீட்டில் வழங்கும் பெயரைக் கேட்டால் செடி உடனே கைக்குப் பிடிபடுகிறது.

படுவான்கரை மகளிடம் ஒரு வேண்டுகோள். நாலு இனத்திலும் ஒவ்வொரு முழுச் செடி, வேரோடு, முற்றிய கதிரோடு எடுத்து, பழைய பத்திரிகைத் தாளுக்குள் மடித்து, மேலே பாரம் வைத்துக் காயவையுங்கள். தாளைத் தினம் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். நீண்ட தண்டை இங்கிலிஷ் N எழுத்து மாதிரி மடிக்கலாம். ஒரு துண்டில் இடம், திகதி, தண்ணீர் ஆழம், அம்மம்மா சொன்ன பெயர் நாலையும் எழுதுங்கள். நான் அடுத்த விடுமுறையில் பேராதனைக்குப் போகிறேன், அங்கே பூங்காவுக்குள் இருக்கும் தேசிய உலர்தாவரத் தொகுப்பில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

படுவான்கரை மகள்:
ஓம் சேர், வைத்திருக்கிறேன். மூன்று நாளாகத் தாள் மாற்றுகிறேன். வில்லில் தண்ணீர் அடிக்கோலுக்கு ஒன்றரை அடி, அதையும் எழுதினேன்.

முறிந்த கட்டை மாட்டுக் கொட்டிலுக்குப் போட்டுவிட்டோம். நேற்று சின்னம்மா வில்லின் வடக்குப் பக்கத்தில், கயிற்றுப் பன் பாத்தி தொடங்கும் இடத்தில், ஒரு பூவரசங் கம்பு நட்டார். அதற்கு இப்பால் மாடு இறக்கக் கூடாது, ஒரு வருடத்தில் பாதிதான் வெட்டலாம் என்று தம்பிமாருக்கும் சொல்லிவிட்டார். கோரையில் கொஞ்சம் தனியாக வெட்டி, திருநெல்வேலிப் பத்தமடையில் செய்வது போல் பச்சையாகவே நெடுக்காகக் கீறிக் காயவைத்திருக்கிறோம். சோறு எடுத்தால் நூல் மாதிரி வருகிறது.

கயிற்றுப் பன்னை இன்று காலை நசித்தோம். றாத்தா சொன்ன அந்தப் பட்பட்டுச் சத்தம் முற்றம் முழுக்கக் கேட்டது. ஒவ்வொரு தண்டாகக் காதுக்குக் கிட்ட வைத்து நசித்து, சத்தம் நின்றதை மட்டும் சின்னம்மா கையில் கொடுத்தேன். இப்போது கோலில் ஏழு வரி ஏறியிருக்கிறது, ஒன்றும் முறியவில்லை.

அக்கரை றாத்தா:
மாஷா அல்லாஹ். ஓரம் மடிக்கும்போது படம் போடுங்கள் மகள். அந்த இடத்தில் ஈரம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது, நான் சொல்லித் தருகிறேன்.